அலுமினியம் சிவக்காது

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் முதல் பேச்சே முழங்காலைப் பற்றித்தான். யாருக்கு எந்த எண்ணெய் கேட்கிறது, யார் மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டார்கள், யாருக்கு டாக்டர் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு காலத்தில் என்னைத் தாண்டி ஓடிப்போனவர்கள் எல்லாம் இப்போது என் நடைக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள். இதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அலுப்பாகத்தான் இருக்கிறது. நடப்பது ஒரு வேலை என்பது எனக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. உங்களுக்கு இப்போது தெரிகிறது, அவ்வளவுதான்.

நம் காலத்தில் தெருவுக்கு ஒரு பிள்ளையாவது காலை இழுத்துக்கொண்டு நடக்கும். ஞாபகம் இருக்கிறதா? இப்போது அப்படிப் பார்க்க முடிவதில்லை. நல்லதுதான். அதனால் கேலிப்பர் என்றால் என்னவென்று பேரப்பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. காலின் இரண்டு பக்கமும் இரண்டு கம்பி. மேலே தொடையைச் சுற்றி ஒரு வளையம். முழங்காலில் ஒரு தோல் பட்டை. கம்பிகளின் அடிமுனை பூட்ஸின் குதிகாலுக்குள் செருகியிருக்கும். கால் நிற்காது, கம்பிதான் நிற்கும். நாம் கம்பியின்மேல் நிற்க வேண்டும்.

நான் சொல்லப்போவது ஒரு கோடை விடுமுறையைப் பற்றி. எழுபதுகளின் தொடக்கம். ஐந்தாம் வகுப்பு முடிந்திருந்தது. அதுவரை பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் பஸ்ஸில் போக வேண்டும். இறங்கி வாய்க்கால் கரையோடு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

எங்கள் வீடு இண்டூரிலிருந்து பாப்பாரப்பட்டி போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. அப்பா தருமபுரியில் ஒரு லாரி பட்டறையில் வேலை செய்தவர். முதலாளியோடு ஒத்துப்போகாமல் ஊருக்குத் திரும்பி, மாட்டுக் கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டார். மாடுகளை விற்ற பிறகும் கொட்டகையில் சாணி வாசனை போகவில்லை. அதன்மேல் கார்பைடு வாசனை ஏறி உட்கார்ந்துகொண்டது. அழுகின பூண்டு மாதிரி ஒரு வாசனை. தகர டிரம்மில் தண்ணீரை ஊற்றிக் கார்பைடு கல்லைப் போட்டால் புகைபோல் ஒரு வாயு கிளம்பும். அதையும் ஆக்ஸிஜனையும் ரப்பர் குழாய்களில் சேர்த்துத்தான் அப்பா நெருப்பு பிடிப்பார். ஆக்ஸிஜன் சிலிண்டர் தருமபுரியிலிருந்து மாட்டு வண்டியில் வைக்கோல் மெத்தைமேல் படுத்துக்கொண்டு வரும். ஊரில் அப்படி வண்டியில் மெத்தை போட்டு வருகிறவர்கள் சிலிண்டரும் பிள்ளை பெற்ற பெண்களும்தான்.

ஏர்க்கொழு, பம்புசெட் குழாய், சைக்கிள் பாரு, வண்டி அச்சு என்று எது உடைந்தாலும் அப்பாவிடம் வரும். இரும்பில் அவர் பற்றவைத்த இடம் மறுபடி உடைந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

என் கேலிப்பர் சேலத்து ஆஸ்பத்திரியில் கொடுத்தது. நான் வளர வளர அது குட்டையானது. மறுபடி சேலம் போவதென்றால் அம்மாவும் அப்பாவும் இரண்டு பேரும் வர வேண்டும், காத்திருக்க வேண்டும். "இதுக்கெதுக்கு அவ்ளோ தூரம்?" என்று அப்பாவே கம்பியை வெட்டி, நடுவில் துண்டு வைத்துப் பற்றவைத்தார். அடுத்த வருஷம் இன்னொரு துண்டு. எது நீண்டாலும் உறுதியாக இருக்க வேண்டும் என்று பக்கத்தில் ஒரு பட்டையும் வைத்துவிடுவார். நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது அது வண்டிச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் அதைக் கழற்றி மூலையில் வைத்தால் தரை அதிரும். அப்புறம் என் கால் காற்றில் மிதப்பதுபோல் கொஞ்ச நேரம் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடிக்கும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் காலைப் பற்றிப் பேச்சு கிடையாது. மற்றதெல்லாம் பேசுவார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஊசி போட்டுவந்தார். அதற்குப் பிறகுதான் கால் விழுந்தது. ஊசியால்தான் போனது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். காய்ச்சலோடு என்னை அம்மா கிணற்றடிக்குத் தூக்கிப்போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதால் போனது என்று அப்பா நினைத்துக்கொண்டார். ஆளுக்கொரு காரணத்தை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தார்கள். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் வேலை என்று இப்போது சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. கேட்க அவர்கள் இல்லை.

தருமபுரியில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாய் ஒருவர் அப்பாவுக்குச் சிநேகிதர். அந்தச் சித்திரையில் அவர் பாப்பாரப்பட்டி சந்தைக்கு வந்தவர், வீட்டுக்கு வந்து ஒரு சாக்கைத் திண்ணையில் இறக்கிவைத்தார். உள்ளே முழுக்க அலுமினியம். ஓட்டைக் குண்டான், நசுங்கின தூக்குவாளி, கரண்ட் கம்பித் துண்டு, எஞ்சின் மூடி, பழைய பஸ்ஸைப் பிரித்ததில் கிடைத்த நீளப் பட்டைகள்.

"எல்லாம் கலந்துதான் இருக்கு மேஸ்திரி. எது எந்தச் சாதி அலுமினியம்னு என்னைக் கேக்காதீங்க. எனக்கு எடைதான் தெரியும்" என்றார் பாய்.

அப்பா பஸ் பட்டை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "தூக்கிப் பாரு பாப்பா."

தூக்கினேன். ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. அப்பா சிரித்தார். என் காலைப் பற்றிய விஷயத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள இதுல செஞ்சிர்றேன். இது மட்டும் காலுக்கு ஏறட்டும், அப்புறம் இவ ஓடுவா பாருங்க பாய்."

கனம்தான் என் ஒரே கஷ்டம் என்று அப்பா முடிவுசெய்திருந்தார். கனத்தை எடுத்துவிட்டால் நான் எல்லாரையும்போல் ஆகிவிடுவேன் என்று. நானும் நம்பினேன்.

முதல் நாளே அலுமினியம் அவரை ஏமாற்றியது. இரண்டு துண்டுகளைச் சேர்த்து வைத்து, நீலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெருப்பைக் காட்டினார். நான் கொட்டகை வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரும்பு என்றால் முதலில் கறுக்கும், பிறகு சிவக்கும், பிறகு பழுத்து மஞ்சளாகும், அப்போதுதான் உருகும். அலுமினியம் அப்படியே வெள்ளையாக இருந்தது. அப்பா இன்னும் கொஞ்சம் நெருப்பைக் கிட்டே கொண்டுபோனார். அப்போதும் வெள்ளை. திடீரென்று பட்டையின் நடுப்பாகம் தயிர் சரிவதுபோல் தொப்பென்று தரையில் விழுந்தது.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். "இரும்புன்னா செவந்து சொல்லும். இது சொல்லாம கொள்ளாம வுழுந்துடுது" என்றார்.

அதற்கு அடுத்து வந்த தொல்லை அதற்கு நேர்மாறானது. விழாமல் உருகினால், உருகினது ஒட்டவில்லை. இரண்டு துண்டும் தனித்தனி உருண்டையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, பேசாத பங்காளிகள்போல. மேலே ஒரு மெல்லிய தோல், காய்ச்சின பாலின் ஏடு மாதிரி. அந்தத் தோல் போகாதவரை உள்ளே இருப்பது ஒட்டாது. அதற்கென்று ஒரு வெள்ளைப் பவுடர் உண்டு என்று அப்பாவுக்கு லாரி பட்டறை நாளிலேயே தெரியும். பாயிடம் சொல்லியனுப்பி ஒரு சின்ன டப்பாவில் வரவழைத்தார். தண்ணீரில் குழைத்துத் தடவி நெருப்பைக் காட்டியதும் ஏடு விலகி உள்ளே கண்ணாடிபோல் பளபளவென்று ஓடியது. அந்தப் பளபளப்பை நான் மறக்கவில்லை. அதைப்போல் வேறெதையும் பார்த்ததும் இல்லை.

ஆனால் எப்போது விழும் என்பது இன்னும் தெரியவில்லையே. அதற்கு அவர் கண்டுபிடித்தது சோப்பு. துணி சோப்பை எடுத்துப் பட்டைமேல் கோடு போடுவார். அடிப்பக்கமாக நெருப்பைக் காட்டிக்கொண்டே இருப்பார். கோடு பழுப்பாகும், பிறகு கறுக்கும். கறுத்தவுடன் பவுடரும் கம்பியுமாக வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். இந்த யோசனையை யார் சொன்னார்களோ, அவரே செய்து பார்த்ததோ தெரியாது. அம்மாவின் சோப்பு மட்டும் தேய்ந்துகொண்டே போனது.

"ஏங்க, கெணத்தடியில வெச்ச சோப்பு எங்க?"

"கொட்டாயில இருக்கு."

"தொவைக்கவா?"

"இல்ல."

அம்மா வந்து பார்த்தாள். கறுத்த கோடுகளையும் துண்டு துண்டாகக் கிடந்த பட்டைகளையும் பார்த்தாள். சோப்பை இரண்டாக வெட்டி ஒரு பாதியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

வைகாசி முழுக்க இப்படித்தான் போனது. ஒட்டின இடத்தை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தால் உள்ளே இட்லியை வெட்டினதுபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். பஸ் பட்டையில் ஊறிப்போன கிரீஸும் பெயிண்டும் நெருப்பில் புகையாகி உள்ளேயே மாட்டிக்கொள்வதுதான் காரணம் என்று அப்பா சொன்னார். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார், போதவில்லை. ஒரு நாள் மத்தியானம் பார்த்தால் அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து பட்டைகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். சோற்றுக் குண்டானைத் தேய்க்கிற அதே தேய்ப்பு. யாரும் அவளைக் கேட்கவில்லை. காயவைத்து, ஒரு சுத்தமான துணியில் சுற்றிக் கொட்டகையில் வைத்தாள். அதிலிருந்து ஓட்டை குறைந்தது.

பிறகு விரிசல். ஒட்டி முடித்ததும் இரும்பைப் போடுவதுபோல் பழக்கத்தில் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிடுவார். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். எடுத்துப் பார்த்தால் தலைமுடி மாதிரி ஒரு கோடு. தண்ணீரில் போடுவதை நிறுத்தினார். அப்போதும் சில துண்டுகளில் விரிசல். கொட்டகையில் வீசுகிற காற்று ஒரு பக்கத்தைச் சீக்கிரம் ஆறவைக்கிறது என்று சாக்குத் தொங்கவிட்டார். உள்ளே நெருப்போடு சித்திரை வெயிலைவிட மோசமான புழுக்கம். ஒட்டுவதற்குக் கரண்ட் கம்பியை உருக்கி ஊற்றினது தப்பு, அது வேறு சாதி, இது வேறு சாதி என்று அதையும் மாற்றி, அதே பஸ் பட்டையிலிருந்தே மெல்லிய கீற்றுகள் வெட்டிக்கொண்டார். வயல் வேலைக்கான சாமான்கள் வாசலில் குவிந்தன. கொண்டுவந்தவர்கள் திட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப்போனார்கள்.

இதற்கு நடுவில் மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். நல்ல மனிதர், நிலபுலம் உள்ளவர், என்மேல் பிரியமானவர். வரும்போதெல்லாம் எனக்கு நிலக்கடலை உருண்டை கொண்டுவருவார்.

"மாப்ள, எதுக்கு இந்தப் பாடு? பொட்டப் புள்ள. அஞ்சாவது படிச்சது போதாதா? அங்க பஸ்சுல ஏத்தி எறக்க யாரு கூடப் போவாங்க? நான் ஒரு தையல் மிசின் வாங்கித் தர்றேன். வூட்டுலயே குந்திக்கினு தைக்கட்டும். கைத்தொழிலு" என்றார்.

அம்மாதான் அடுப்படியிலிருந்து கேட்டாள்: "தையல் மிசினையும் காலாலதானண்ணா மிதிக்கணும்?"

மாமா உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதை அவர் யோசிக்கவில்லை. அவர் முகம் வாடிப்போனது எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. அன்புதான் வைத்திருந்தார்கள் எல்லாரும். என் காலை மட்டும் ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு கேலிப்பர் உருவானது. வெள்ளையாக, அரம் போட்டு வழவழவென்று. தொடை வளையமும் கம்பியும் சேருமிடம், கம்பியும் அடிக்கவையும் சேருமிடம் எல்லாம் அப்பா நெருப்பில் ஒட்டியவை. கவை என்றால் பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் கடைசிப் பாகம். அதை மாட்டிக்கொண்டு நான் வாசலில் நடந்தேன். லேசாகத்தான் இருந்தது. அப்பா போய்ப் பாயை அழைத்துவந்து காட்டாததுதான் குறை.

இரண்டு நாள் ஆவதற்குள் ஒட்டின இடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்தது. வியர்வை பட்டுப் பட்டு வளையத்துக்குக் கீழே என் தொடை சிவந்து கொப்புளமானது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்பா உப்பை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "பவுடரு. கழுவாம வுட்டுட்டேன். இது இரும்பையே தின்னும்" என்றார். அம்மா சுடுதண்ணீர் காய்ச்சி வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து, அவள் ஊற்ற அவர் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தார். என் காலைப் பற்றி அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. "ஊத்து", "போதும்", அவ்வளவுதான்.

பள்ளி திறந்த வாரத்தில் அப்பா என்னை அழைத்துப்போனார். தலைமையாசிரியர் வயதானவர், வெள்ளை வேட்டி, மேஜைமேல் ஒரு பனைவிசிறி. அப்பா நின்றுகொண்டே பேசினார். தலைமையாசிரியர் என் பாவாடைக்குக் கீழே தெரிந்த பூட்ஸைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துக்குப் படி இருக்குதுப்பா. மழை பேஞ்சா மைதானம் சேறு. பொண்ணு விழுந்து எலும்பு கிலும்பு ஒடைஞ்சா என்னைத்தான் கேப்பாங்க. அடுத்த வருஷம் கூட்டிக்கிட்டு வாயேன். கொஞ்சம் வளரட்டும்."

"நல்லா நடப்பா சார். இங்கயே நடக்கச் சொல்றேன், பாருங்க."

அப்பா என்னைத் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார். நீளமான சிமெண்ட் தாழ்வாரம். வகுப்பறை ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. தலைமையாசிரியர் வாசற்படியில் வந்து நின்றார். நான் போனேன். ஒரு முனைவரை போய்த் திரும்பினேன். திரும்பும்போது உடம்பு முழுக்க அந்தக் காலின்மேல் வந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. கொத்தவரங்காயை ஒடிக்கிறதுபோல் ஒரு சத்தம். கணுக்கால் உள்பக்கமாக மடங்கி, நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். உடனே யாரோ அதட்டினார்கள். தலைமையாசிரியர் ஓடிவந்து, "அடி பட்டுச்சாம்மா?" என்று கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, குரலைத் தணித்து, "நான் சொன்னது இதுக்குத்தான்" என்றார். அதில் ஏளனம் இல்லை. உண்மையிலேயே பயந்துபோயிருந்தார்.

அப்பா ஒடிந்த துண்டைக் குனிந்து எடுத்து ஜோபியில் போட்டுக்கொண்டார். "இந்த மாசக் கடைசிக்குள்ள மறுபடி கூட்டியாரேன் சார். சீட்டை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார். தலைமையாசிரியர் தலையசைத்தார். அப்பா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்தார். பதினொரு வயதுப் பெண் இடுப்பில். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் யாருக்கும் தெரியமாட்டேன் என்று நினைக்கிற வயதைத் தாண்டியிருந்தேன், ஆனாலும் மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு அப்பா கொட்டகைப் பக்கம் போகவில்லை. கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். யாராவது ஏர்க்கொழு கொண்டுவந்தால் அம்மாவே, "ஒடம்பு சரியில்லீங்க, அப்புறம் வாங்க" என்று அனுப்பினாள். நான் பழைய இரும்புக் கேலிப்பருக்குத் திரும்பினேன். அதன் கனம் முன்னைவிட அதிகமாகத் தெரிந்தது. லேசானதை ஒரு தரம் போட்டுப் பார்த்திருக்கக் கூடாது.

ஒரு நாள் காலை அம்மா உடைந்த கேலிப்பரையும் அந்தத் துண்டையும் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் தரையில் பரப்பி உட்கார்ந்தாள். அரிசி புடைக்க உட்காருவதுபோல்.

"ஏங்க, எந்திரிங்க. இது எங்க ஒடிஞ்சிருக்கு பாருங்க."

"ஒட்டுன எடத்துலதான் ஒடிஞ்சிருக்கும். வேற எங்க?"

"ஒட்டுன எடம் இந்தா அப்படியே இருக்குது. அதுக்குப் பக்கத்துல இல்ல ஒடிஞ்சிருக்கு?"

அப்பா புரண்டு எழுந்தார். துண்டை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அவள் சொன்னது சரி. தழும்புபோல் புடைத்திருந்த ஒட்டு கெட்டியாக இருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளிப் பட்டை வளைந்து முறிந்திருந்தது. அவர் மீதமிருந்த பட்டை ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து வளைத்தார். வளையவில்லை. அதே பட்டையில் நெருப்பு காட்டி ஆறின ஒரு துண்டை வளைத்தார். ஈயம்போல் சுலபமாக வளைந்துகொடுத்தது.

அவர் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டு நல்லாத்தான் இருக்குது" என்றார் கடைசியில். "நான் ஒட்டறதுக்குக் காட்டுன சூடுதான் பக்கத்துல இருக்கற ஒறுதியை எடுத்துடுச்சு. எவ்ளோ நல்லா ஒட்டுனாலும் இது பக்கத்துல ஒடியும்."

"அதுவும் உள்பக்கந்தான் ஒடியும்" என்றாள் அம்மா. "அவ வெளிய ஊனறதே இல்ல. உள்பக்கந்தான் ஊனறா. சின்னதுல இருந்து இடுப்புல வெச்சிருந்தவ நான், எனக்குத் தெரியாதா?"

"இத்தன நாளா சொல்லலையே?"

"நீங்க எங்கிட்ட கேட்டீங்களா?"

அதற்குமேல் சண்டை வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "கேக்கல" என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். போகும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்ததைப் பார்த்தேன்.

புதிதாகச் செய்ததில் அப்பா ஒரு இடத்தில்கூட நெருப்பு காட்டவில்லை. ஒரு கோடை முழுக்கச் சோப்பும் பவுடரும் சுடுதண்ணீருமாகக் கற்றுக்கொண்டது எதுவும் அதில் இல்லை. பழைய கேலிப்பரின் அடிக்கவையை, அந்த இரும்பை, அறுத்து எடுத்துக்கொண்டார். மேலே நீளத்துக்கு மட்டும் பஸ் பட்டை. இரண்டையும் துளைபோட்டு ரிவெட் அடித்தார். உள்பக்கத்துக்கு இரட்டைப் பட்டை. பார்க்க நன்றாக இல்லை. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அவருக்கு அதில் பெருமையும் இல்லை. ரிவெட்டை அடித்து முடித்ததும், "மாட்டிப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கையைக் கழுவினார். பவுடர் டப்பாவில் பாதி மீதமிருந்தது. அது பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. நீலக் கண்ணாடியும் அந்தக் கேலிப்பரும்கூடத்தான். நான் வளர்ந்து வேறு கேலிப்பருக்கு மாறியபோது பழையதை யாரும் எடுத்துவைக்கத் தோன்றவில்லை. பாயின் சாக்குக்கே திரும்பப் போயிருக்கலாம்.

மாதக் கடைசியில் மறுபடி போனோம். முதல் மழை பெய்து வாய்க்கால் கரையெல்லாம் செம்மண் சேறு. நான் விழாமல் போனேன். அப்பா ஒரு அடி பின்னால், கைகளை நீட்டத் தயாராக வைத்துக்கொண்டு வந்தார்.

தலைமையாசிரியர் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே வரச் சொன்னார். ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"சார், நடக்கச் சொல்லட்டுங்களா? தாழ்வாரத்துல?" என்றார் அப்பா.

"எதுக்கு?"

"போன தடவை ஒடிஞ்சிருச்சு. இப்ப வேற மாதிரி செஞ்சிருக்கேன். பாருங்க சார், ஒரு தடவை."

"அதான் கரையில இருந்து நடந்துதான வந்தா? நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்." பேனாவைத் திறந்து மூடியைப் பின்னால் மாட்டினார். "பேர் என்னம்மா?"

சேர்த்துக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. அப்பா அசையாமல் நின்றார். அவர் அந்தத் தாழ்வாரத்துக்காகவே செய்திருந்தார். ஜன்னல்களில் தலைகள் இருக்க வேண்டும், நான் ஒரு முனைவரை போய்த் திரும்ப வேண்டும், ஒடியக் கூடாது. அது நடக்காமலே சீட்டு கிடைத்ததில் ஏதோ கைநழுவிப்போனதுபோல் அவர் முகம் இருந்தது. அப்போது எனக்கு அது புரியவில்லை, சந்தோஷப்படாமல் ஏன் இப்படி நிற்கிறார் என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. ஒரு வேலையை முடித்தபின் வருகிற அலுப்பு அது. நம் வயதில் நமக்கெல்லாம் அடிக்கடி வருகிறதே, அதுதான்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மதகில் உட்கார்ந்தோம். கீழே கலங்கின தண்ணீர் ஓடியது. எதிரே உழுதுபோட்ட காட்டில் யாரோ கடலை விதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் பூட்ஸின் சேற்றை மதகின் ஓரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா பாப்பா?" என்றார்.

என் காலைப் பற்றி எல்லாரிடமும் ஒரு யோசனை இருந்தது. கனம் என்றார்கள், ஊசி என்றார்கள், தையல் மிஷின் என்றார்கள், எலும்பு உடையும் என்றார்கள். இந்தக் கேள்வியை மட்டும் அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வதென்று நான் யோசித்து வைத்திருக்கவும் இல்லை.

"வலிக்குது" என்றேன்.

"எப்பல இருந்து?"

"எப்பவுமே."

அப்பா மதகிலிருந்து இறங்கி, சேறு என்றும் பார்க்காமல் என் எதிரில் மண்டியிட்டார். வேட்டி செம்மண்ணில் புரண்டது. முழங்கால் பட்டையைத் தளர்த்தி, வளையத்துக்குள் ஒரு விரலை விட்டார். அவர் விரல் அரம்போல் சொரசொரவென்று இருந்தது.

"எங்க வலிக்குது? காட்டு."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு, "மேஸ்திரி, வர்றீங்களா இல்லியா?" என்று கூப்பிட்டார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. விசில் ஊதி பஸ் புறப்பட்டுப் போனது.

"இங்கயா?" என்றார்.

"இல்லப்பா. இன்னும் மேல."

விரலை நகர்த்தினார்.